எம்ஜிபி கார் ஸில் வெல்டிங்: 1,800 பவுண்ட் போனது, துரு அப்படியே உள்ளே இருக்கிறது

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள், ஸில் (கதவுக்கு அடியில் ஓடும் தகட்டு அமைப்பு) வேலையை வெளியாளிடம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது 1971 ரோட்ஸ்டர். லண்டனுக்கு வெளியே என் வீட்டு கராஜில் மூன்று வருடமாக நானே பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு எஸ்யு கார்புரேட்டர்களையும் புதுப்பித்தாயிற்று. பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தாயிற்று. அடுத்தது ஐந்து கியர் கொண்ட கியர் பெட்டி. வெல்டிங் மட்டும் எனக்குத் தெரியாது. அதனால் வீட்டுக்கே வந்து செய்து தரும் ஒருவரை அழைத்தேன்.

இந்தக் காருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியேதான் சேஸிஸ். ரோட்ஸ்டருக்குக் கூரையும் இல்லை. ஆகவே கதவுக்கு அடியில் ஓடும் ஸில்தான் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடிக்கிறது. வெளியே தெரிவது ஒரே தகடு. அதற்குப் பின்னால் நடுத்தகடு, உள் ஸில், அடியில் நீளமாக ஓடும் காஸில் ரெயில் என்ற தகடு என்று எல்லாம் சேர்ந்தால்தான் பலம். துருவும் உள்ளிருந்துதான் தின்னும்.

இதெல்லாம் அவருக்கும் தெரியும். நடுத்தகடு, காஸில் ரெயில் உட்பட இரண்டு பக்கமும் புதிது என்று வாயால் சொல்லி 1,800 பவுண்ட் கேட்டார். எழுதி வாங்காதது என் தவறு. மூன்று நாள் வேலை நடந்தது, நான் ஆபீஸில் இருந்தேன். படங்கள் அனுப்பினார், பளபளவென்று புதுத் தகடு. மாலையில் வந்து பார்த்தால் எல்லாவற்றின் மேலும் அண்டர்சீல் என்ற கறுப்புத் துருத்தடுப்புப் பூச்சைப் பூசியிருந்தது. வங்கியில் முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் கதவைச் சாத்தினேன். மேல் பின்மூலை பின்தூணில் இடித்தது. முன்பு அந்த இடைவெளியில் விரல் நுனி போகும். காரை இரண்டு முனையிலும் மட்டும் ஸ்டாண்டில் நிறுத்தி, கதவு வாயில் குறுக்குக் கம்பி கொடுக்காமல் பழைய ஸில்லை அறுத்திருக்கிறார். நடு உடம்பு தொய்ந்த நிலையிலேயே புதுத் தகட்டை ஒட்டிவிட்டார்.

அடுத்த வாரம் ஜாக்கி வைத்தேன். நொறுங்கும் சத்தத்தோடு ஜாக்கி உள்ளே போனது. ஸில்லின் ரப்பர் மூடியைக் கழற்றிக் குட்டி கேமராவை விட்டுப் பார்த்தபோது வயிறு கலங்கிவிட்டது. நடுத்தகடு சல்லடை. காஸில் ரெயிலில் பட்டி (ஓட்டையை மூடும் ஃபில்லர் பசை) அப்பி அண்டர்சீல் அடித்திருக்கிறார். உண்மையான ஸில் முன், பின் ஃபெண்டர்களுக்கு உள்ளேயும் நீளும். அங்கே சேர்க்க முன் ஃபெண்டரைக் கழற்றவோ அறுக்கவோ வேண்டும், பின் ஃபெண்டரின் அடிப்பகுதியை அறுத்தாக வேண்டும். இவர் கண்ணுக்குத் தெரியும் நீளத்துக்கு மட்டும் வைத்திருக்கிறார். அனுப்பிய படங்களைத் திரும்பப் பார்த்தேன். அதில் இருக்கும் காரின் தரை சிவப்பு. என் கார் நீலம்.

40 வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு 2018 மே முதல் பிரிட்டனில் எம்ஓடி என்ற வருடாந்திர வாகனச் சோதனை கட்டாயமில்லை. அதனால் இப்படிப்பட்ட வேலை யார் கண்ணிலும் படாமல் சாலைக்குப் போய்விடும். என் மகள் பக்கத்து சீட்டில் உட்காரும் கார் இது, நினைத்தாலே கை நடுங்குகிறது. கட்டாயமில்லாவிட்டாலும் கேட்டால் எம்ஓடி செய்வார்கள். நான் கொண்டுபோனேன், பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்துத் துருவுக்காகவே ஃபெயில்.

வேலை கொடுப்பவர்கள், எந்தெந்தத் தகடு மாறும் என்று பெயர் சொல்லி எழுதி வாங்குங்கள். அறுத்தபின், மூடுவதற்கு முன், நீங்களே நேரில் பாருங்கள். அண்டர்சீலை நீங்கள் பார்த்த பிறகுதான் அடிக்க வேண்டும். முடிந்தால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேல் என்றால் கார்டு நிறுவனமும் பொறுப்பு. வங்கியில் அனுப்பிய எனக்கு அந்த வழி இல்லை.

2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வேலையைச் சரியாகத் திரும்பச் செய்யச் சொல்லிக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை, போனும் எடுப்பதில்லை. சிறு தொகைகளுக்கான (ஸ்மால் கிளெய்ம்ஸ்) வழக்கு போடப் போகிறேன். வேறொரு வெல்டர் படமெடுத்து அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு, போன சனிக்கிழமை என் கண்முன் இடப்பக்கத்தை அறுத்தார். முதலில் கதவு வாயில் கம்பியைப் பூட்டினார், அப்புறம்தான் ரம்பத்தை எடுத்தார். உள்ளிருந்து வந்த காஸில் ரெயில் துண்டு, பட்டியும் துருவுமாக, அட்டைப் பெட்டியில் இருக்கிறது. கோர்ட்டுக்கு அதையும் எடுத்துப் போவேன்.