அபராதமா, காசா, கணக்கா? குப்பை பிரிப்பில் நம்பிக்கை எதனால் வரும்

"பிரிச்சுக் குடுத்தாலும் லாரியில ஒண்ணாத்தானே கொட்டுறாங்க?" தரம் பிரிப்பது பற்றி எந்தக் குடியிருப்பில் பேச்செடுத்தாலும் முதலில் வரும் கேள்வி இதுதான். இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. பலர் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். எங்கள் அடுக்ககச் சங்கத்தில் இதற்கு மூன்று யோசனைகள் வந்தன: அபராதம், காசு, கணக்கு. கணக்கைத் தேர்ந்தெடுத்தோம். நான் இன்றும் அதன் பக்கம்தான்.

அபராதத்துக்குச் சட்டத்தின் துணை உண்டு. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று பிரித்துத்தான் தர வேண்டும் என்றன 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள். ஆனால் பயத்தில் பிரிப்பவர் கண்காணிப்பு தளர்ந்ததும் விட்டுவிடுவார். சங்கமே அபராதம் போட்டால் பக்கத்து வீட்டோடு மனக்கசப்புதான் மிஞ்சும்.

காசு வலுவான வழி. உடைந்த பாட்டில்களில் வனவிலங்குகள் காலைக் கிழித்துக்கொள்கின்றன என்பதால், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022-இல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்கள். அங்கே யாரும் யாரையும் நம்பச் சொல்ல வேண்டியதில்லை. கைக்கு வரும் பத்து ரூபாயே போதும். ஆனால் வாழைப்பழத் தோலுக்கும் பிஸ்கட் உறைக்கும் யார் முன்பணம் வாங்குவது? குடியிருப்பு அளவில் நாங்கள் இதைச் செய்து பார்க்கவில்லை என்பதால் இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

கணக்கு என்பது எளிய விஷயம். காயலான் கடைக்காரர் வந்து எடை போட்டதும் அட்டைப்பெட்டி எத்தனை கிலோ, பால் கவர் எத்தனை கிலோ, என்ன விலை, எங்கே போகிறது என்று பலகையில் எழுதி, அவர் தந்த சீட்டையும் பக்கத்திலேயே ஒட்டுகிறோம். ஜப்பானின் கமிகாட்சு ஊரில் குப்பையை நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு பெட்டியின் மேலும் அந்தப் பொருள் எங்கே போய் என்னவாகிறது, அதனால் செலவா வரவா என்று எழுதியிருக்கும். யோசனை அங்கிருந்து வந்ததுதான்.

பலகையில் ஆட்களை அதிகம் நிறுத்திப் படிக்க வைப்பது கடைசி வரி: "மறுசுழற்சி ஆகாதவை". சிப்ஸ் பாக்கெட் போன்ற பல அடுக்கு உறைகளை யாரும் விலைக்கு எடுப்பதில்லை. சிமெண்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகத்தான் போகின்றன. அதையும் மறைக்காமல் எழுதிய பிறகுதான் மற்ற வரிகளையும் மக்கள் நம்பத் தொடங்கினார்கள்.

இதன் உயிர்நாடி பராமரிப்பு. பலகை இரண்டு வாரம் காலியாகக் கிடந்தால் பழைய சந்தேகம் இரட்டிப்பாகத் திரும்பும். ஆர்வலர்களை நம்பி விட்டால் பரீட்சை, தீபாவளி, ஊர்ப் பயணம் என்று ஏதாவது வந்து நின்றுவிடும். அதனால் எடை போடும்போது கூடவே நிற்கும் துப்புரவு அக்காவே எழுதுகிறார். அதற்கென்று சம்பளத்தில் தனியாகச் சேர்த்துக் கொடுக்கிறோம். எழுத்துப் பிழை இருந்தாலும் யாரும் திருத்துவதில்லை. எடையில் ஐயம் வந்தால் நேராக அவரிடமே கேட்கிறார்கள்.

வாடகை வீடுகள் அடிக்கடி கைமாறும் தெருக்களில் இது எடுபடுமா என்று உறுதியாகச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. அங்கே தள்ளுவண்டியிலேயே சிறு பலகை மாட்டிப் பார்க்கலாம். அடுக்ககம் என்றால் தொட்டிகள் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். சங்க அலுவலகத்துக்குள் வைத்தால் செயலாளர் மட்டும்தான் படிப்பார்.