அர்ஜென்டினா 1944: வாஷிங்டனின் பூட்டு, லண்டனின் பேரம்

இரண்டாம் உலகப் போரில் நடுநிலை வகித்த அர்ஜென்டினாவை வழிக்குக் கொண்டுவர நேசநாடுகள் முன் மூன்று வழிகள் இருந்தன: அமெரிக்கா சொன்ன புறக்கணிப்பு, பிரிட்டன் விரும்பிய வழக்கமான வணிகம், கடைசியில் இருவரும் அரைமனதாக ஒத்துக்கொண்ட மாதாந்தரக் கொள்முதல். கோட்பாட்டுச் சண்டைபோலத் தெரிந்தாலும், தகராறு முழுக்க மாட்டிறைச்சியைப் பற்றியது.

புறக்கணிப்பு

1942 ஜனவரியில் ரியோவில் நடந்த அமெரிக்கக் கண்ட நாடுகளின் மாநாட்டில், அச்சு நாடுகளுடன் (ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான்) உறவைத் துண்டிக்க வேண்டும் என்ற தீர்மானத்தை வெறும் பரிந்துரையாக நீர்த்துப்போகச் செய்தது அர்ஜென்டினா. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கார்டெல் ஹல் அதைக் கடைசிவரை மறக்கவில்லை. 1944 ஜனவரி 26 அன்று அர்ஜென்டினா ஜெர்மனி, ஜப்பானுடன் உறவை முறித்தபிறகும் அவர் இறங்கிவரவில்லை. அடுத்து வந்த ஃபாரெலின் ராணுவ அரசை அங்கீகரிக்க மறுத்தார். ஜூனில் தூதரைத் திரும்ப அழைத்தார். ஆகஸ்டில் அமெரிக்காவில் இருந்த அர்ஜென்டினத் தங்கம் முடக்கப்பட்டது.

இதில் அமெரிக்காவுக்குக் கைநட்டம் குறைவு. கோமாரி நோயைக் காரணம் காட்டி 1930 சுங்கச் சட்டத்திலேயே அர்ஜென்டினப் பச்சை இறைச்சிக்குக் கதவை அடைத்திருந்தது. கோதுமைச் சந்தையில் இருவரும் போட்டியாளர்கள். வாங்காதவன் கடையைப் புறக்கணித்தால் கடைக்காரனுக்கு என்ன வலிக்கும்?

வழக்கமான வணிகம்

பிரிட்டனில் இறைச்சி ரேஷன் எடைக்கணக்கில் தரப்படவில்லை, விலைக்கணக்கில் தரப்பட்டது. போர்க்காலத்தின் பெரும்பகுதியில் ஆளுக்கு வாரம் 1 ஷில்லிங் 2 பென்ஸ். குளிரூட்டப்பட்ட கப்பல்களுக்குக் கடும் தட்டுப்பாடு. ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தால் ஏறக்குறைய இருமடங்கு தூரம், அதாவது ஒரே கப்பலுக்குப் பாதி நடை. பிளேட் ஆற்றுத் துறைமுகங்களிலிருந்து வந்த அர்ஜென்டின இறைச்சியையே எலும்பு நீக்கியும் டின்னில் அடைத்தும் இடத்தை மிச்சம் பிடித்துத்தான் ஏற்றினார்கள். விலையும் கடன் மாதிரிதான்: பணம் லண்டனில் ஸ்டெர்லிங் கணக்கில் வரவு வைக்கப்படும், அர்ஜென்டினா நினைத்தபடி டாலராக மாற்ற முடியாது. இப்படிக் கிடைக்கும் சரக்கை யார் விடுவார்கள்?

பிரிட்டன் இதை விட்டால், மாற்று இறைச்சி அமெரிக்கர்களின் தட்டிலிருந்துதான் வரவேண்டும். 1944 ஜூலையில் சர்ச்சில் ரூஸ்வெல்ட்டிடம் அதைக் குத்திக்காட்டினார்: உங்கள் மக்கள் போருக்கு முன்பைவிட அதிக இறைச்சி சாப்பிடுகிறார்கள், எங்கள் மக்களுக்கோ வெட்டு. ஹல்லின் திட்டத்தில் இருந்த ஓட்டை இதுதான்.

லண்டன் பக்கமும் கோளாறு இருந்தது. ரூஸ்வெல்ட்டின் வற்புறுத்தலால் தூதர் டேவிட் கெல்லியை அழைத்துக்கொண்டார்கள். இறைச்சி ஏற்றுமதியோ நிற்கவில்லை. தூதர் போகிறார், சரக்கு வருகிறது. புவேனஸ் அய்ரெஸில் எதை நம்புவார்கள்? சரக்கைத்தான்.

மாதாமாதம்

பழைய இறைச்சி ஒப்பந்தம் காலாவதியானதும் நீண்டகால ஒப்பந்தம் போடாமல் மாதக்கணக்கில் வாங்க பிரிட்டன் 1944 இறுதியில் சம்மதித்தது. மூன்றில் இதுவே உருப்படியானது என்பது என் கணிப்பு. ரேஷன் அறுபடாது, ஆனால் விலையும் அளவும் உறுதியில்லாததால் மாடு கொழுக்க வைப்பவர் முதல் மத்திய வங்கிவரை எல்லோருக்கும் நெருடல். சிக்கல் எங்கே என்றால், அடி முதலில் விழுவது பதப்படுத்தும் ஆலைகள்மேல். அவற்றில் ஸ்விஃப்ட், ஆர்மர் போன்றவை அமெரிக்க நிறுவனங்கள்! தவிர, எதைச் செய்தால் நீண்டகால ஒப்பந்தம் கிடைக்கும் என்று அர்ஜென்டினாவிடம் யாரும் எழுதித் தரவில்லை.

அந்தப் பட்டியல் ஹல் நவம்பரில் விலகியபிறகுதான் வந்தது. அமெரிக்க வெளியுறவுத் துறையில் லத்தீன் அமெரிக்காவைக் கவனித்த நெல்சன் ராக்பெல்லர் காலத்தில், 1945 தொடக்கத்தில் மெக்சிகோவில் நடந்த சாபுல்தெபெக் மாநாட்டின் நிபந்தனைகளை ஏற்று, மார்ச் 27 அன்று அர்ஜென்டினா போர்ப் பிரகடனம் செய்தது, ஏப்ரலில் அங்கீகாரம். மே மாதம் வந்த புதிய அமெரிக்கத் தூதர் ஸ்புருல் பிரேடன் மீண்டும் வெளிப்படையான மோதலைத் தொடங்கினார். 1946 பிப்ரவரித் தேர்தலுக்குச் சற்றுமுன், வாஷிங்டனுக்குத் திரும்பியிருந்த அவர் முன்னின்று வெளியிட்ட, அர்ஜென்டின ஆட்சியாளர்களின் நாஜித் தொடர்புகள் பற்றிய குற்றப்பட்டியலை, அதிபர் வேட்பாளரான ராணுவ அதிகாரி பெரோன் அப்படியே பிரசாரமாக்கினார்: பிரேடனா, பெரோனா? பெரோன் வென்றார்.