கப்பல் விற்கும் கரைச் சுற்றுலா: எந்தத் துறைமுகத்தில் வாங்கலாம், எங்கே வேண்டாம்

குரூஸ் டிக்கெட் உறுதியான கொஞ்ச நாளிலேயே கப்பல் நிறுவனத்தின் ஆப்பில் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் கரைச் சுற்றுலாப் பட்டியல் வந்துவிடும். பழைய நகரம், படகு, சமையல் வகுப்பு, கடற்கரை, ஹெலிகாப்டர் என்று நீளும். அதே இடத்தை உள்ளூர்க்காரர்கள் காட்டும் விலையோடு ஒப்பிட்டால் கப்பல் விலை பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். அந்தக் கூடுதல் பணம் எதற்கு என்று புரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

நல்ல வழிகாட்டிக்காக அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான ஊர்களில் கப்பல் நிறுவனத்துக்குச் சொந்தமாகப் பஸ்ஸும் கிடையாது, வழிகாட்டியும் கிடையாது. உள்ளூர் சுற்றுலா நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டு அவர்களைத்தான் அனுப்புகிறது. இன்று கப்பல் பஸ்ஸில் நாற்பத்தைந்து பேருக்கு மைக்கில் பேசுகிறவரே நாளை எட்டுப் பேர் வேனில் பேசலாம். பாதுகாப்புக்காகவும் அல்ல. டிக்கெட்டோடு வரும் நிபந்தனைகளைப் படித்தால், சுற்றுலா நடத்துகிறவர் தனி ஒப்பந்ததாரர், அவர் தவறுக்குக் கப்பல் நிறுவனம் பொறுப்பல்ல என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். கப்பல் நிறுவனம் காப்பீட்டுச் சான்று கேட்டு ஆட்களை வடிகட்டும் என்பது உண்மைதான். ஆனால் ஜிப்லைனில் அடிபட்டால் வழக்கு யார் மேல் என்பது வேறு விஷயம்.

நாம் காசு கொடுத்து வாங்குவது நேரத்துக்கான உத்தரவாதத்தை. கப்பலின் சொந்தச் சுற்றுலா பஸ் நெரிசலில் மாட்டினால் கப்பல் காத்திருக்கும். காத்திருக்க முடியாத நிலை வந்தால் அடுத்த துறைமுகத்துக்குத் தன் செலவில் கொண்டுவந்து சேர்க்கும். தனியாகப் போனவருக்காகக் கப்பல் நிற்காது. துறைமுகக் கட்டணம், அடுத்த ஊரில் ஒதுக்கப்பட்ட இடம், எரிபொருள் என்று ஒவ்வொரு நிமிடத்துக்கும் செலவு இருக்கிறது.

கப்பலைத் தவறவிட்டால் விமான டிக்கெட் ஒன்று வாங்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது அத்தனை எளிதல்ல. அடுத்த துறைமுகம் வேறு நாடாக இருந்தால் விமானத்தில் போய் இறங்க அந்த நாட்டு விசா வேண்டும். கப்பல் பயணிக்குக் கிடைத்த சலுகை விமானப் பயணிக்குக் கிடைக்காமல் போகலாம். பாஸ்போர்ட் அறைப் பெட்டகத்தில் இருந்தால், பல கப்பல்களில் ஊழியர்கள் அதை எடுத்து, அந்த ஊரில் கப்பல் நிறுவனத்தின் வேலைகளைக் கவனிக்கும் துறைமுக முகவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுவார்கள். ஆனால் அதையே நம்பிக் கிளம்ப முடியாது. அலாஸ்கா போன்ற அமெரிக்கப் பயணங்களில் 1886ஆம் ஆண்டின் பயணிகள் கப்பல் சட்டமும் குறுக்கே வரும். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், தொலைவான வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொடாமல், ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றியவரை வேறோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கக் கூடாது. அதனால் அடுத்த ஊரில் ஏறிக்கொள்கிறேன் என்றாலும் அனுமதி மறுக்கப்படலாம்.

ஆகவே ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும். பயணத் திட்டத்தில் அச்சிட்டிருக்கும் நேரத்தை அப்படியே எடுக்கக் கூடாது. காலை 7 என்றால் கப்பலைக் கரையில் கட்டும் நேரம் 7. அனுமதி கிடைத்து, கூட்டத்தோடு கூட்டமாக வாயிலைத் தாண்ட முக்கால் மணி முதல் ஒரு மணி வரை ஆகும். மாலை 6 மணிக்குப் புறப்பாடு என்றால் ஆல் அபோர்ட் நேரம், அதாவது எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம், வழக்கமாக 5.30. சில இடங்களில் 5 மணியே. அதிலிருந்து பின்னோக்கி, பக்கத்து ஊர் என்றால் ஒரு மணி, தூரத்து ஊர் என்றால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் கையிருப்பாகக் கழித்துக்கொள்ளுங்கள்.

ரோமுக்குப் போட்டுப் பார்ப்போம். கப்பல் நிற்பது ரோமில் அல்ல, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிவிதாவெக்கியாவில். 8 மணிக்கு வெளியே வந்து, ஷட்டில் பஸ் பிடித்து, ரயில் நிலையம் சேர்ந்து, 9 மணி வாக்கில் ரயில் ஏறினால் வாட்டிகன் பக்கமுள்ள சான் பியத்ரோ நிலையத்தில் பத்துக்கு முன்பின்னாக இறங்கலாம். திரும்பி 4 மணிக்குக் கப்பல் பக்கம் நிற்க வேண்டும் என்றால் இரண்டரைக்குள் ரோமில் ரயிலேற வேண்டும். கையில் இருப்பது நாலரை மணி நேரம். கொலோசியமும் சுற்றுப்புறமும் பார்க்கலாம், அல்லது வாட்டிகன் அருங்காட்சியகம் பார்க்கலாம். இரண்டையும் சேர்த்தால் இரண்டுமே கெடும். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தங்கள் முன்கூட்டியே அறிவிக்கப்படும் என்பதால் அந்தத் தேதியைப் பயணத்துக்கு முந்தைய வாரமே பார்த்துவிடுங்கள். அருங்காட்சியகம் ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியிருக்கும், மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் விதிவிலக்கு. பயணத் தேதி என்ன கிழமை என்று பார்க்காமல் திட்டம் போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

இந்த மாதிரி ஊர்களுக்கு, பட்டியலின் அடியில் கிடக்கும் ஒரு வகை இருக்கிறது. பஸ் மட்டும். காலையில் நகரத்தில் இறக்கிவிட்டு மாலையில் அதே இடத்தில் ஏற்றிக்கொள்ளும். வழிகாட்டி கிடையாது, நுழைவுச்சீட்டும் கிடையாது. கப்பல் காத்திருக்கும் என்ற உத்தரவாதம் மட்டும் முழுசாக உண்டு. சொன்ன நேரத்துக்குப் பஸ்ஸடிக்கு வந்தால் போதும். கூட்டத்தோடு வழிகாட்டியின் கொடிக்குப் பின்னால் நடக்கப் பிடிக்காத, ஆனால் ரயிலை நம்பவும் மனமில்லாத ஆட்களுக்கு இதைவிட நல்லது கிடையாது. கப்பல் விற்பவற்றில் நியாயமான பொருள் எது என்று கேட்டால் முதல் இடம் இதற்குத்தான்.

லெ ஹாவ்ரிலிருந்து பாரிஸ், வார்னமுண்டேயிலிருந்து பெர்லின், லெம் சபாங்கிலிருந்து பாங்காக் எல்லாம் தூரத்து ஊர்கள். பெர்லினுக்குப் போகவே ஏறக்குறைய மூன்று மணி நேரம், வரவும் அவ்வளவு. இங்கெல்லாம் போவதென்றால் கப்பலின் பஸ்ஸில் போங்கள், இல்லையென்றால் போகாதீர்கள். வார்னமுண்டேவையும் பக்கத்து ரோஸ்டாக்கையும் நிதானமாகச் சுற்றுவது, ஆறு மணி நேரம் பஸ் ஜன்னலைப் பார்ப்பதைவிட நல்ல நாளாக அமையும். இத்தாலியின் லிவோர்னோவில் ஃப்ளோரன்ஸை விட்டுவிட்டுப் பீசாவை மட்டும் எடுத்தால் ரயில் பயணம் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

மறுபக்கம், கப்பல் சுற்றுலாவே தேவைப்படாத துறைமுகங்களும் உண்டு. மாண்டினீக்ரோவின் கோட்டோரில் இறங்கினால் எதிரே பழைய நகரத்தின் மதில். மால்டாவின் வல்லெட்டாவில் துறைமுகக் கரையிலிருந்து 58 மீட்டர் உயர லிஃப்ட் ஒன்று நேராக மேல் பராக்கா தோட்டத்தில் கொண்டுபோய் விடும். குரோஷியாவின் டுப்ரோவ்னிக்கில் கப்பல் நிற்கும் க்ரூஷிலிருந்து பழைய நகரத்தின் பிலே வாசலுக்கு மூன்று கிலோமீட்டர்தான், டவுன் பஸ் ஓடுகிறது. இங்கெல்லாம் 'நகர நடை' என்று கப்பல் விற்பதை வாங்கினால், நாமே நடக்கக்கூடிய தெருவில் நாற்பது பேரோடு நடப்பதற்குக் காசு கொடுக்கிறோம்.

டெண்டர் துறைமுகங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். கரையில் கட்ட வசதியில்லாத இடங்களில் கப்பல் கடலில் நங்கூரமிடும், டெண்டர் எனப்படும் சிறு படகுகளில் கரைக்குக் கொண்டுபோவார்கள். கப்பல் சுற்றுலா வாங்கியவர்களுக்கே முதல் படகுகள். மற்றவர்கள் எண் சீட்டு வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் போவது சாதாரணம். எனவே காலை 8 மணிக்குக் கரையில் உள்ளூர் ஆளைச் சந்திப்பதாக முன்பதிவு செய்யவே கூடாது. கடல் கொந்தளித்தால் நிறுத்தமே ரத்தாகும். சக்கர நாற்காலிக்காரர்களைப் பல கப்பல்களில் டெண்டரில் ஏற்ற மாட்டார்கள், இதை முன்பே எழுதிக் கேட்டுவிட வேண்டும்.

கிரீஸின் சாண்டோரினித் தீவுதான் இதற்குச் சரியான பரீட்சை. கப்பல் சுற்றுலாக்காரர்களை வழக்கமாக அதினியோஸ் துறைக்குப் படகில் கொண்டுபோவார்கள், அங்கே பஸ் நிற்கும். தனியாகப் போகிறவர்கள் இறங்குவது தீவின் முக்கிய ஊரான ஃபிராவுக்குக் கீழே இருக்கும் பழைய துறை. அங்கிருந்து மேலே போகக் கேபிள் கார், அல்லது ஏறத்தாழ அறுநூறு படிகள், அல்லது அந்தப் படிகளிலேயே ஏறும் கழுதை. கழுதைச் சாணம் கிடக்கும் வழுக்குப் படிகள் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. காலையில் கப்பல் சுற்றுலாவுக்கு இதனால் நல்ல லாபம் உண்டு, வரிசை மிச்சம். ஆனால் மாலையில் அந்த லாபம் கரைந்துவிடும். பெரும்பாலான கப்பல் சுற்றுலாக்கள் ஃபிராவில் முடிந்து, கேபிள் கார் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடும். பிறகு எல்லோரும் ஒரே வரிசை. நாலைந்து கப்பல் நிற்கும் நாளில் அந்த வரிசை ஒரு மணி நேரத்தைத் தாண்டும். எப்படிப் போனாலும் கடைசிப் படகுக்கு இரண்டு மணி நேரம் முன்பே வரிசைக்கு வந்துவிடுங்கள்.

இனி, விளம்பர வாசகத்தைப் படிக்கும் விதம். 'எட்டு மணி நேரம்' என்றால் கப்பலடி முதல் கப்பலடி வரை, பஸ் நேரமும் கழிப்பறை நிறுத்தமும் சேர்த்து. 'பார்வையிடுவோம்' என்றால் உள்ளே போவோம் என்று பொருள் கொள்ளலாம். 'காண்போம்', 'கடந்து செல்வோம்' என்றால் பஸ்ஸிலிருந்தே முடிந்தது. 'போட்டோ நிறுத்தம்' பத்துப் பதினைந்து நிமிடம். நுழைவுக் கட்டணம், மதிய உணவு சேர்ந்ததா என்று அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். 'உள்ளூர் கைவினைச் செயல்விளக்கம்' என்ற வரி வந்தால் அது கடை. துருக்கியின் குஷாதாசியிலிருந்து பழங்கால நகரமான எபேசஸ் போகும் சுற்றுலாக்களில் கம்பளக் கடை இப்படித்தான் நுழைகிறது. வாங்கக் கட்டாயம் இல்லை, ஆனால் முக்கால் மணி நேரம் போகும். அங்கே தனியாக டாக்சியில் போவதும் எளிது, தூரம் இருபது கிலோமீட்டர் அளவு. மேல் வாசலில் இறங்கிக் கீழ் வாசல் வரை இறக்கமாக நடந்து, ஓட்டுநரைக் கீழே நிற்கச் சொல்லிவிட்டால் வெயிலில் ஏற்றம் மிச்சம்.

விலையைத் தலைக்கணக்காகப் பார்ப்பதும் தவறான ஒப்பீடு. கப்பல் தலைக்கு இவ்வளவு என்று விற்கும், டாக்சிக்காரரும் வேன்காரரும் வண்டிக்கு இவ்வளவு என்பார்கள். தனியாளுக்கும் தம்பதிக்கும் கப்பல் விலை கட்டுப்படியாகலாம். நாலு பேர் சேர்ந்துவிட்டால் கணக்கு பெரும்பாலும் வேன் பக்கம் சாயும்.

உள்ளூர் நிறுவனத்தில் பதிவதென்றால் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். கப்பல் அந்தத் துறைமுகத்துக்கு வராமலே போனால் முழுப் பணமும் திரும்புமா? கப்பல் தாமதமாக வந்தால் காத்திருப்பார்களா? 'கப்பலுக்குத் திரும்பும் உத்தரவாதம்' என்று போட்டிருந்தால் அதன் பொருள் என்ன? கடைசியானதில்தான் ஏமாறுகிறார்கள். அந்த உத்தரவாதம் கப்பலை நிறுத்தாது. தவறினால் அடுத்த துறைமுகம் வரை பயணச் செலவை அவர்கள் தருவார்கள் என்பதே அதன் அர்த்தம், அதற்கும் வரம்பு இருக்கலாம். கப்பலில் வாங்கியது துறைமுகம் ரத்தானால் தானாகத் திரும்பிவிடும். நீங்களே வாங்கிய நேரம் குறித்த நுழைவுச்சீட்டுகள், உதாரணமாக ஏதென்ஸ் அக்ரோபோலிஸுக்கானவை, பொதுவாகத் திரும்பாது.

எதை முன்பே பதிய வேண்டும்? இருக்கை குறைவானவற்றை மட்டும். அலாஸ்காவின் ஜூனோவில் பனியாற்றின் மேல் இறங்கும் ஹெலிகாப்டர், ஸ்காக்வேயில் வைட் பாஸ் ரயில், சிறு படகுகள். ஹெலிகாப்டருக்கு உடல் எடை வரம்பும் கூடுதல் கட்டணமும் உண்டு, மூடுபனியில் ரத்தாகும் வாய்ப்பும் அதிகம், எனவே அந்த நாளுக்கு மாற்றுத் திட்டம் ஒன்று வைத்திருங்கள். பெரிய பஸ் சுற்றுலாக்கள் அவ்வளவு சீக்கிரம் நிரம்புவதில்லை. பல நிறுவனங்களில் ஒன்றிரண்டு நாள் முன்பு வரை ரத்து செய்ய முடியும், விமானமும் ரயிலும் சேர்ந்தவற்றுக்குக் கெடு முந்தியே முடியும். பதிந்தபின் விலை இறங்கினால் ரத்து செய்து மறுபடி பதியலாம். கடைசித் துறைமுகத்தில் ஸ்கூபா வேண்டாம். பலமுறை ஸ்கூபா செய்தவர்கள் விமானம் ஏறும் முன் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்பது பரிந்துரை, மறுநாள் காலை விமானத்துக்கு அது இடிக்கும்.

தனியாகப் போகிறவர்களை அதிகம் கவிழ்ப்பது கடிகாரம். கோசுமெல் தீவு இருக்கும் மெக்ஸிகோவின் கிண்டானா ரூ மாநிலம் 2015 முதல் ஆண்டு முழுக்க ஒரே நேரத்தில் இருக்கிறது. கோடையில் ஃப்ளோரிடா நேரம் அதைவிட ஒரு மணி முந்தியது. கப்பல் மயாமி நேரத்திலேயே ஓடினால், கரையில் போன் தானாக மாறி 3.30 காட்டும்போது கப்பலில் 4.30. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று உட்கார்ந்திருப்பவரை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடும். போனில் தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு, சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் கட்டிக்கொண்டு இறங்குங்கள். அன்றைய நிகழ்ச்சித் தாளில் ஆல் அபோர்ட் நேரமும் துறைமுக முகவரின் தொலைபேசி எண்ணும் இருக்கும். கப்பலிலிருந்து இறங்கும் பாலமான கேங்வேயில் கால் வைக்கும் முன் அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பாஸ்போர்ட் நகலையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.