சதுரமா, செவ்வகமா? கொழிஞ்சாம்பாறைப் பக்கம் புதுக் கணக்குக்கு மூன்று வழிகள்

மலையாளத்தில் 'சதுரம்' என்றால் நம் செவ்வகம். நம் சதுரத்துக்கு அவர்கள் சொல்வது 'சமசதுரம்'. இது தெரிந்திருந்தும், போன வருடம் ஒரு மாதிரி வினாத்தாளை அவசரமாகத் தமிழுக்கு மாற்றும்போது, "ஒரு சதுரத்தின் நீளம் 8 செ.மீ., அகலம் 5 செ.மீ., பரப்பளவு என்ன?" என்று எழுதித் தொலைத்தேன். பாதிப் பேர் 40 போட்டார்கள், சிலர் 64. ஒருத்தி மட்டும் எழுந்து, "டீச்சர், சதுரத்துக்கு எப்படி அகலம் மட்டும் கம்மியாகும்?" என்றாள். ஒழுங்காகப் படித்த பிள்ளைதான் மாட்டிக்கொண்டது.

கொழிஞ்சாம்பாறை இருக்கிற கேரளாவின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் தமிழ் மீடியம் வகுப்புகளில் கணக்கு நடத்துகிறவர்களுக்கு இது புதிதல்ல. கேரளாவின் புதிய கலைத்திட்டச் சட்டகம் 2023இல் வந்தது. 1, 3, 5, 7, 9ஆம் வகுப்புகளுக்கு 2024 ஜூனிலும், 2, 4, 6, 8, 10க்கு 2025இலும் புதுப் புத்தகங்கள் வந்தன. அதற்கேற்ப நடத்தும் முறையை எப்படி மாற்றுவது என்பதில் எங்கள் ஸ்டாஃப் ரூமில் மூன்று கட்சிகள் உண்டு.

முதல் கட்சி: புத்தகம் வந்தாயிற்று, பக்கம் பக்கமாகப் போவோம். ஓணப் பரீட்சைக்குள் இத்தனை பாடம், கிறிஸ்துமஸுக்குள் இத்தனை என்று பிரித்துக்கொண்டால் போதும். இதில் ஒரு நிம்மதி இருக்கிறது. ஆய்வுக்கு வருகிறவரிடம் காட்ட நோட்டு சுத்தமாக இருக்கும். புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியருக்கு நானும் இதைத்தான் சொல்வேன். ஆனால் மேலே உள்ள வருடங்களைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். 2025இல் ஏழாம் வகுப்புக்கு வந்த பிள்ளை ஆறு வரைக்கும் படித்தது பழைய புத்தகம். ஐந்திலும் ஆறிலும் புதுப் புத்தகம் போட்ட அஸ்திவாரம் அதற்குக் கிடைக்கவே இல்லை. ஏழாம் வகுப்புப் புத்தகமோ அது இருப்பதாக நினைத்துக்கொண்டு பேசும். முதல் பக்கத்திலிருந்து எவ்வளவு ஒழுங்காக நடத்தினாலும் அந்த ஓட்டை அடைபடாது.

இரண்டாவது கட்சி எல்லை தாண்டுகிறது. பொள்ளாச்சியில் படிக்கும் அத்தை பிள்ளையின் தமிழ்நாட்டுப் புத்தகம் எப்படியும் யார் வீட்டிலாவது கிடக்கும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்வோம் என்கிறார்கள். ஆசை புரிகிறது. அந்தப் புத்தகத்தின் தமிழ் ஓடுகிறது. விளக்கம், எடுத்துக்காட்டு, 'இவற்றை முயல்க', பிறகு பயிற்சி என்று வீட்டில் அம்மாவும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கத் தோதாக இருக்கும். எங்கள் கேரளக் கணிதப் புத்தகம் அப்படியல்ல. படம் வரையச் சொல்லும், மடிக்கச் சொல்லும், ஏன் என்று கேட்கும், விதியைக் கடைசியில்தான் சொல்லும். சில இடங்களில் சொல்லாமலே விட்டுவிடும். அது எனக்குப் பிடித்த முறைதான், ஆனால் ஒரு பீரியடுக்குள் அடங்குகிற முறை அல்ல.

சிக்கல் வேறு இடத்தில். இரண்டு மாநிலத்திலும் பாட வரிசை ஒன்றல்ல, பள்ளி அடுக்கும் ஒன்றல்ல. இங்கே நான்கோடு எல்.பி. (கீழ்த் தொடக்கப் பள்ளி) முடிந்து ஐந்தில் யூ.பி. (மேல் தொடக்கப் பள்ளி) தொடங்கும், எட்டு ஹைஸ்கூல். அங்கே ஐந்து வரை தொடக்கப் பள்ளி, எட்டு வரை நடுநிலை. பரீட்சையோ கேரளாவினுடையது. அதுவும் 2024-25 முதல் எட்டாம் வகுப்பில் எழுத்துத் தேர்வில் பாடத்துக்குப் பாடம் 30 சதவீதம் எடுத்தாக வேண்டும். விதியை மனப்பாடம் செய்த பிள்ளை 'ஏன்' என்ற கேள்வியின் முன்னால் பேனாவை மூடி வைத்துவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து ஒன்றை மட்டும் நான் கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்வேன். 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்து நடத்துகிறார்கள். அது சின்ன வகுப்புகளுக்கு வந்தது. ஏழாம் வகுப்பில் அந்தப் பெயர்களைச் சொன்னால் பையன்கள் சிரிப்பார்கள். பெயரை விட்டுவிட்டு முறையை எடுத்தால், முன்னே சொன்ன ஓட்டையை அடைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது கட்சி நானும் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் சிலரும். கேள்வியை முதலில் எழுது, பாடத்தை அப்புறம் யோசி. இந்தப் பாடம் முடியும்போது பிள்ளைக்கு எதைச் செய்யத் தெரிய வேண்டும் என்று பார்த்து, அதற்கு நான்கு கேள்விகளை நேராகத் தமிழிலேயே எழுதுவது. பின்னக் கூட்டலுக்கு இப்படி எழுதினோம்: "சொசைட்டியில் காலையில் 3½ லிட்டர், மாலையில் 2¾ லிட்டர் பால் ஊற்றினார்கள். மொத்தம் 6 லிட்டர்தான் என்று சீட்டில் எழுதியிருக்கிறது. யாருக்கு எவ்வளவு நட்டம்?" மாடு வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகள் கால் லிட்டரை உடனே பிடித்துவிட்டார்கள். அதை எழுதிக் காட்டச் சொன்னபோதுதான் ½ஐ 2/4 ஆக்கத் தெரியாதவர்கள் யார் யார் என்று தெரிந்தது. அவர்களுக்குத்தான் மறுநாள் காகித மடிப்பு. மற்றவர்கள் அடுத்த கணக்குக்குப் போனார்கள்.

தசமத்துக்கு, தமிழ்நாடும் கேரளாவும் ஆற்றுத் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளும் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தை எடுத்தோம். மணக்கடவில் கேரளாவுக்கு வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர். ஒரு டி.எம்.சி. சுமார் 2,832 கோடி லிட்டர் என்று கொடுத்துவிட்டுப் பெருக்கச் சொன்னால், பூஜ்யங்களின் நடுவே வகுப்பு அரை மணி நேரம் சத்தமில்லாமல் இருக்கும். தண்ணீர் திறந்துவிடுகிற தகராறை அப்பா வீட்டில் பேசுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

கலைச்சொல்லும் இதில் தானாக ஒழுங்காகிறது. இணைகரம் 'சாமாந்தரிகம்', சரிவகம் 'லம்பகம்' என்று இரு மொழிச் சொல்லையும் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். அதில் முதல் வரி சதுரம்தான், சிவப்பு மையில்.

இந்த வழிக்குச் செலவு அதிகம், மறைக்கவில்லை. ஒரு பாடத்துக்குக் கேள்வி எழுத ஒரு சனிக்கிழமை முழுசாகப் போகிறது, ஆளுக்கு ஆள் வாக்குவாதம் வேறு. தனியாக ஒரே ஒரு கணக்கு டீச்சர் இருக்கும் பள்ளியில் இது நடக்காது. ஓணப் பரீட்சைக்குள் எங்களால் மூன்று பாடங்களுக்குத்தான் எழுத முடிந்தது. நான்காவது பாடம் இப்போதைக்குப் பக்கம் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.