ஸ்டிக் தானாக ஓடினால் கார்பனா, காந்தமா?

ஆடி மாதம் கொழிஞ்சாம்பாறையில் ஜன்னலைத் திறந்து வைத்தால், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேஜை மேல் ஒரு படலம் புழுதியைப் படிய விட்டுத்தான் போகும். அந்த மேஜையில்தான் அக்கா மகனின் கேம் கன்ட்ரோலர் கிடக்கும். ஒருநாள் வந்து நின்றான்: "மாமா, நான் கையே வைக்கல, டிஃபெண்டர் தானா கோட்டைத் தாண்டிப் போறான்." கட்டைவிரலால் அசைக்கும் குச்சி, அதாவது ஸ்டிக், தொடாமலே அசைந்ததாகக் காட்டும் இந்தக் கோளாறுக்குப் பெயர் ஸ்டிக் ட்ரிஃப்ட்.

பழியைப் புழுதி மேல் போட்டேன். கடையில் கழற்றிப் பார்த்தபோது நான் சொன்னது பாதிதான் சரி என்று தெரிந்தது. ஸ்டிக் பெட்டியின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு மூடி. அதைத் திறந்தால் லாடம் போல வளைந்த கறுப்புக் கார்பன் தடம், அதன்மேல் உரசியபடி நகரும் மெல்லிய உலோகக் கால். ஸ்டிக் அதிகம் அசையும் நடுப்பகுதியில் தடம் தேய்ந்து பளபளத்தது. ஓரத்தில் மை போலத் தூள். இதுதான் பொட்டென்ஷியோமீட்டர், பழைய ரேடியோவின் வால்யூம் திருகுக்குத் தம்பி. அது தேய்ந்தால் ரேடியோ கரகரக்கும். இது தேய்ந்தால் ஆட்டக்காரன் நடப்பான்.

"அண்ணா, ஆல்கஹால் விட்டுச் சுத்தம் பண்ணித் தர்றேனுங்க. கொஞ்ச நாள் ஓடும். அதுக்கு மேல நான் பொறுப்பில்லீங்க" என்றார் கடைக்காரர். நேர்மையான பேச்சு. தூசிதான் காரணமென்றால் சுத்தம் செய்தால் போதும். தேய்ந்த கார்பன் திரும்ப முளைக்காது. செட்டிங்கில் டெட்ஸோனைக் கூட்டி வைக்கலாம்தான். நடுவில் வரும் சின்ன அசைவுகளை கேம் கண்டுகொள்ளாது. கால்பந்துக்கு அது ஓடிவிடும். குறிபார்த்துச் சுடும் ஆட்டத்தில் கை மெல்ல நகர்ந்தால் ஒன்றும் ஆகாது, கொஞ்சம் கூட நகர்ந்ததும் குறி சட்டென்று துள்ளும்.

அதே வகைக் கார்பன் ஸ்டிக்கைப் புதிதாகப் போடுவது மலிவு, கைக்கும் பழகியது. ஆனால் தேய்மானக் கணக்கு முதலிலிருந்து ஓடத் தொடங்கும்.

இனி காந்தம். ஹால் ஸ்டிக்கில் தண்டோடு சேர்ந்து அசையும் காந்தம், எதிரே சிப். இரண்டும் தொடுவதே இல்லை. மின்சாரம் ஓடும் தகட்டுக்குக் குறுக்கே காந்தப்புலம் வந்தால் பக்கவாட்டில் சிறு மின்னழுத்தம் தோன்றும் என்று எட்வின் ஹால் கண்டது 1879-இல். சிப் அளப்பது அதைத்தான். கேமுக்கும் இது புதிதல்ல: 1998-இல் வந்த சேகா ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே இருந்தது. அப்புறம் எல்லாரும் ஏன் கார்பனுக்குப் போனார்கள் என்றால், விலைதான் முக்கியக் காரணம் என்பேன்.

டிஎம்ஆர் (டனல் மேக்னெட்டோ ரெசிஸ்டன்ஸ்) ஸ்டிக்கிலும் காந்தம்தான், சிப்தான் வேறு. இரண்டு காந்தப் படலங்களுக்கு நடுவே மிக மெல்லிய மின்கடத்தாப் படலம். புலத்தின் திசை மாறினால் அதன் மின்தடை மாறும். ஹார்ட் டிஸ்க்கைப் படிக்கும் முனையில் இருக்கும் அதே சங்கதி. ஹால் சிப்பைவிட மிகக் குறைவாகவே மின்சாரம் இழுக்கும். கார்பன் ஸ்டிக்கை மனதில் வைத்துச் செய்த போர்டில் இதைப் போடும்போது அந்தச் சிக்கனம் உதவும். பேட்டரியில் ஓடும் கன்ட்ரோலரென்றால் இன்னும் நல்லது. துல்லியத்தில் ஹாலுக்கும் இதற்கும் வானத்துக்கும் பூமிக்குமான வித்தியாசம் என்று விளம்பரம் சொல்லும். என் கைக்கு ஒன்றும் தெரியவில்லை.

இரண்டையும் 'வாழ்நாள் முழுக்க ட்ரிஃப்ட் வராது' என்று விற்பதை மட்டும் நம்பாதீர்கள். ஸ்டிக்கை நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்தால் காந்தம் என்ன செய்யும்? போனை ஒட்டவைக்கும் காந்த வளையம் போல வலுவான காந்தம் பக்கத்தில் வந்தாலும் கணக்கு தப்பலாம்.

மாற்றுவதும் விளையாட்டல்ல. பல கன்ட்ரோலர்களில் ஒரு ஸ்டிக்குக்குப் பதினான்கு கால்கள், அத்தனையும் போர்டில் சால்டர் வைத்துப் பற்றவைத்தவை. பொறுமையில்லாமல் பிடுங்கினால் போர்டின் செம்புத் தடமும் கூடவே வந்துவிடும். பழைய ஸ்டிக்கை வெட்டி எடுத்து, கால்களை ஒவ்வொன்றாக உருவுவதே பத்திரம். புதியதைப் போட்டபின் நடுப்புள்ளியைச் சரிபார்த்துப் பதிய வேண்டும். அதை விட்டுவிட்டால் புது காந்த ஸ்டிக்கும் முதல் நாளே ஒருபக்கம் சாயும்.

மலிவான பிசி கன்ட்ரோலருக்கு இத்தனை மெனக்கெட வேண்டாம். ஹால் ஸ்டிக்கோடே வருவதைப் புதிதாக வாங்கிவிடலாம். விலை கூடிய கன்ட்ரோலர், கைப்பழக்கமுள்ள கடைக்காரர், இரண்டும் இருந்தால் நான் டிஎம்ஆர் பக்கம். கொழிஞ்சாம்பாறைக் கடையில் இடது ஸ்டிக்குக்கு அதைத்தான் போட்டோம். வலதில் இன்னும் கார்பன். அடுத்த ஆடிக்காற்றுக்கு அதையும் தூக்கிக்கொண்டு வருவீர்கள் என்று கடைக்காரர் சிரித்தபடி சொல்லி அனுப்பினார்.