டிவி திரையில் கோடு: டி-கான் போர்டா, பேனலா?

டிவியில் கோடு விழுந்ததும் பேனல், அதாவது படம் தெரியும் திரைக் கண்ணாடி, போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். முதலில் ரிமோட்டில் டிவியின் மெனுவைத் திறந்து பாருங்கள். மெனுவின் மேல் கோடு இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் செட்டாப் பாக்ஸிலோ எச்டிஎம்ஐ கேபிளிலோதான். மெனுவையும் வெட்டிக்கொண்டு போனால், சந்தேகம் டி-கான் போர்டு, பேனல் இரண்டின் மேல். டி-கான் போர்டு என்பது படச் சிக்னலைப் பேனலுக்குப் பிரித்து அனுப்பும் சிறு மின்பலகை.

டி-கான் போர்டு கெட்டால் பெரும்பாலும் கோடுகள் கூட்டமாக வரும். பாதித் திரை மங்கும், நிறம் சிதறும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்மூடியைக் கழற்றி, அந்தப் போர்டில் செருகியிருக்கும் பட்டைக் கேபிளை எடுத்து நேராகச் செருகினாலே சில டிவிகள் பிழைத்துவிடும். இல்லையா, போர்டை மட்டும் மாற்றலாம். அதன் எண் அப்படியே பொருந்த வேண்டும்.

பேனல் கோளாறு வேறு மாதிரி. மயிரிழை போல ஒரே செங்குத்துக் கோடு, எப்போதும் அதே இடத்தில். 4கே திரையில் புள்ளிகள் 3840 செங்குத்து வரிசைகளாக இருக்கும். அவற்றுக்குச் சிக்னல் கொண்டுபோக, கண்ணாடி விளிம்பில் ஒட்டிய மெல்லிய ஃபிலிமில் ஓர் இணைப்பு விட்டாலே கோடு வந்துவிடும். விளிம்புச் சட்டத்தை விரலால் மெல்ல அழுத்தும்போது கோடு மறைந்து மறைந்து வந்தால் இதுதான். திரும்ப ஒட்ட, சூடும் அழுத்தமும் தரும் பாண்டிங் இயந்திரம் வேண்டும். ஒட்டினாலும் நிலைக்குமென்று உறுதியில்லை. புதுப் பேனல் விலையோ பல நேரம் புது டிவியையே நெருங்கிவிடும். ஓரத்தில் ஒற்றைக் கோடு என்றால், நான் அப்படியே வைத்துப் பார்ப்பேன்.