மீனும் புழுவும் சேர்ந்த "முழு செட்" வாங்கப் போகிறீர்களா? 86,500 இழந்தவன் சொல்கிறேன், கொஞ்சம் நில்லுங்கள்

இன்று காலை கடைசிப் பதில் வந்தது. "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது." அவ்வளவுதான். 86,500 கொடுத்து வாங்கிய பொருளுக்கு ஒரே ஒரு வரி. ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. பண்ணைச் சாமான்களை இணையத்தில் மட்டும் விற்கிற கடை. பச்சைப் பசேலென்று வீடியோ போட்டு, கீழே ஒரு எண்ணைக் கொடுத்து, "அழைத்தால் இலவச ஆலோசனை" என்று சொல்கிற வகை. இந்த மாதிரி செட் வாங்குகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

என் திட்டம் பெரியதொன்றும் இல்லை. பண்ணையில் ஒரு சின்ன பசுமைக்குடில். உள்ளே 1,000 லிட்டர் மீன் தொட்டி, அதன் நீர் சரளைப் படுகைக்கு ஏறி, செடி வேரைத் தொட்டுவிட்டுத் திரும்பத் தொட்டிக்கே இறங்க வேண்டும். இதைத்தான் அக்வாபோனிக்ஸ் என்கிறார்கள். மீன் கழிவில் வரும் அமோனியாவைக் கல்லில் குடியேறும் பாக்டீரியா முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும், நைட்ரேட்டைச் செடி எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் பிளாக் சோல்ஜர் ஈயின் புழுக்களை வைத்து ஒரு உரத்தொட்டி. பண்ணைக் கழிவைப் புழு தின்னும், முற்றிய புழு சாய்தளத்தில் தானாக ஏறி வாளியில் விழும், அதை மீனுக்குப் போடலாம். குடிலின் சட்டத்துக்கான குழாயை நானே வளைத்துவிட்டேன். மற்ற எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்கினால் தலைவலி இல்லை என்று நினைத்ததுதான் தப்பு.

ஏன் நம்பினேன் என்று வீட்டில் கேட்கிறார்கள். சொல்கிறேன். வீடியோ அழைப்பில் அந்தக் கடை ஆள் ஒருவர் முக்கால் மணி நேரம் பேசினார். நான் வரைந்து வைத்திருந்த படத்தைக் காட்டச் சொன்னார். பார்த்ததும், "அண்ணே, மீன் தொட்டிக்கு நேர் வெயில் விழுது பாருங்க, பாசி பிடிச்சுடும், அந்த ஓரமா நகர்த்துங்க" என்றார். சரியான பேச்சு. அப்புறம் நான் கேட்ட இரண்டாவது பம்பை, "இது உங்களுக்கு வேண்டாம், காசு வீண்" என்று அவரே பட்டியலிலிருந்து எடுத்தார். விற்க வந்தவன் வேண்டாம் என்று சொல்கிறானே! அந்த இடத்தில் விழுந்தேன். அன்றிரவே மொத்தத் தொகை 86,500-ஐயும் முன்பணமாக அனுப்பினேன். பாதியாவது நிறுத்தி வைத்திருக்கலாம்.

சாமான் வந்தது. எரிமலைச் சரளை என்று சொன்னது சாம்பலும் வெள்ளையுமாக இருந்தது. கேட்டேன். "வேற சுரங்கத்துக் கல், தரம் ஒண்ணுதான்" என்றார்கள். விட்டுவிட்டேன். கல்லைக் கழுவி, படுகை கட்டி, நீர் நிரப்பவே பதினாறு நாள் ஆயிற்று. திருப்பி அனுப்பும் காலம் பத்து நாள். இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாக்டீரியா சேர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும் ஒரு அமைப்புக்கு, குறை சொல்லப் பத்தே நாள்.

ஆறு வாரம் காத்திருக்கத் தேவையில்லை என்றார்கள். செட்டோடு வந்த பாக்டீரியா பாட்டிலை ஊற்றினால் பத்தாம் நாள் மீன் விடலாமாம். நான் பன்னிரண்டாம் நாள் நூறு குஞ்சு விட்டேன். அவர்கள் தந்த சோதனைப் பட்டையில் நைட்ரைட், நைட்ரேட், பி.எச். (நீரின் அமில, காரத் தன்மை) எல்லாம் உண்டு. அமோனியாவுக்குக் கட்டமே இல்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. பி.எச். மட்டும் 8-க்கு மேலே நின்றது. படம் எடுத்து அனுப்பினேன். "புது நீர் அப்படித்தான் காட்டும், பாக்டீரியா வேலை செய்யச் செய்ய இறங்கிடும்" என்று பதில். பாக்டீரியா வேலையால் பி.எச். இறங்கும் என்பது உண்மைதான். அதனால்தான் நம்பினேன். இவர்கள் சொன்ன ஒவ்வொன்றிலும் இப்படிக் கொஞ்சம் உண்மை இருந்தது.

குஞ்சு விட்ட ஏழாம் நாள் விடியற்காலை போனபோது குஞ்சுகள் எல்லாம் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன. செவுள் கருஞ்சிவப்பாக இருந்தது. பாதி நீரை இறைத்துப் புது நீர் விட்டோம். மத்தியானத்துக்குள் தொண்ணூற்று மூன்று செத்து மிதந்தன. மகள் பழைய மீன்தொட்டிக்கு வாங்கி வைத்திருந்த அமோனியாச் சொட்டு மருந்தை எடுத்துவந்து, காலையில் ஒரு டம்ளரில் பிடித்து வைத்திருந்த நீரில் விட்டாள். கரும்பச்சை. அட்டையில் கடைசி நிறம், லிட்டருக்கு 8 மில்லிகிராம்.

அவள்தான் கல்லையும் சோதித்தாள். எவர்சில்வர் டம்ளரில் இரண்டு கல்லைப் போட்டு வினிகர் ஊற்றினாள். சுர்ரென்று நுரைத்தது. கல்லைச் சுற்றிப் பொடிப் பொடிக் குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தது. சுண்ணாம்புக் கல்! அது கரைந்து பி.எச்.-ஐ மேலேயே பிடித்து வைத்திருக்கிறது. பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால், அதே அளவு அமோனியாவில் மீனைக் கொல்லும் பகுதி ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். செடியின் குருத்து ஏன் மஞ்சளாக வந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. அந்தப் பி.எச்.-இல் இரும்புச்சத்து நீரில் இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது.

பம்பையும் அன்றே பார்த்தேன். அட்டையில் மணிக்கு 3,000 லிட்டர். படுகை உயரத்துக்குக் குழாயைத் தூக்கி 20 லிட்டர் வாளியைப் பிடித்தேன். நிரம்ப இரண்டு நிமிடம். மணிக்கு 600 லிட்டர்தான். தொட்டி நீர் மணிக்கு ஒரு முறையாவது முழுதும் சுற்ற வேண்டும். அவர் வேண்டாம் என்று எடுத்த இரண்டாவது பம்ப் ஞாபகம் வந்தது, வயிறு எரிந்தது.

புழுக் கதை வேறு. "ஐந்து நாள் வயதுப் புழு" என்று டப்பாவில் வந்தது. அந்த வயதில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. நாளாக ஆக, ஒரு முனை கூராக, வழவழவென்று வெண்ணெய் நிறத்தில் வளர்ந்தது. சோல்ஜர் புழு தட்டையாக, வளையம் வளையமாக, தோல் கெட்டியாக இருக்கும், முற்றினால் கருக்கும். இங்கே ஒன்று கூடச் சாய்தளத்தில் ஏறவில்லை. ஒரு வாரத்தில் குடில் முழுக்க வீட்டு ஈ. சோல்ஜர் ஈ வளர்ந்த பிறகு தீனியைத் தேடி அலையாது, உணவில் மொய்க்காது. இவை எங்கள் சமையலறை வரை வந்தன. புகார் சொன்னால், "உங்க தொட்டியில ஈரம் அதிகம், வெளி ஈ முட்டை வெச்சிருக்கும்" என்றார்கள். ஈரம் அதிகமானால் அப்படி நடக்கும்தான். ஆனால் தொட்டிக்கு நான் முதல் நாளே வலை கட்டியிருந்தேனே!

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் போனை எடுத்தார்கள். பிறகு குரல் செய்தி மட்டும். பிறகு "தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம்". பிறகு மேலாளர் விடுப்பில். முக்கால் மணி நேரம் பேசிய அந்த ஆள் இப்போது அங்கே வேலையில் இல்லையாம். பெட்டியைத் திறக்கும்போது எடுத்த வீடியோ இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. நூறு மூட்டைக் கல்லை யார் வீடியோ எடுத்துக்கொண்டு இறக்குவார்கள்? கடைசியாக, அடுத்த முறை வாங்கும்போது ஐந்து சதவீதம் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். 86,500 போனவனிடம் அடுத்த முறை!

நேற்று கூரை ஷீட்டும் கிழிந்தது. 200 மைக்ரான் தடிமன், வெயிலின் யூ.வி. கதிரைத் தாங்கும், மூன்று வருடம் உழைக்கும் என்று சொன்னது மூன்று மாதம் ஓடவில்லை. குழாயைத் தொடும் இடமெல்லாம் காய்ந்த சருகு மாதிரி, விரலால் அழுத்தினால் நொறுங்குகிறது. தெரிந்த பட்டறையில் கொடுத்து அளந்தேன், 120 மைக்ரான். அதற்குப் பதில், "குழாய்ச் சூட்டில் போயிருக்கும், துணி சுற்றியிருக்க வேண்டும்." அதற்கு அடுத்த செய்திதான் இன்று காலை வந்தது.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், இப்போது முடியவில்லை. அவசரமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மொத்தப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். செட்டாக வாங்காதீர்கள். கல் வந்த அன்றே வினிகர் ஊற்றிப் பாருங்கள். உலக உணவு, வேளாண்மை அமைப்பு 2014-ல் வெளியிட்ட அக்வாபோனிக்ஸ் கையேடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, இந்தச் சோதனை அதிலேயே இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. பம்பை வாளி வைத்து, படுகை உயரத்தில் அளந்து பாருங்கள். அமோனியா பார்க்கும் சொட்டு மருந்து தனியாக வாங்குங்கள், அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வரும்வரை மீனை விடாதீர்கள், யார் என்ன பாட்டில் தந்தாலும் சரி. பெட்டியைத் திறக்கும்போது வீடியோ எடுங்கள்.

மீதி ஏழு குஞ்சும் வேறு தொட்டியில் பிழைத்திருக்கின்றன. நான் கல்லை வெளியே அள்ளிக்கொண்டிருக்கிறேன், இன்னும் ஒரு படுகை பாக்கி. இதே மாதிரிக் கடையில் இதே செட் வாங்கி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால், ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள். தனித்தனியாகப் போனால் எல்லோருக்கும் "முடித்து வைக்கப்பட்டது" என்றுதான் அனுப்புவார்கள்.